நீரும் தீவனமும்: வாசகர் கேள்வி – பதில்

வெள்ள அபாய வரைபடத்தையும் கோழித்தீவனத்தையும் ஒரே பகுதியில் ஏன் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் படித்தது நீரியல். வேலை பார்த்த ஆய்வுக்குழுவில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு தீவன ஆய்வாளருடையது. வெள்ளம் வடிந்த பிறகு களத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போவோம். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், நனைந்த மூட்டையை என்ன செய்வது என்று அவரைக் கேட்பார்கள். பண்ணை வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே கவலை. அதனால்தான் இங்கேயும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா, 4,000 முட்டைக்கோழிகளுக்குக் கொட்டகை போட ஓர் இடம் பார்த்திருக்கிறேன். வெள்ள அபாய வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது, பக்கத்து நிலம் மஞ்சள். வெள்ளை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– புதிதாகப் பண்ணை தொடங்கும் வாசகர்

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரைபடம் எந்த உயரத் தரவை (நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் பதிவு) வைத்துப் போடப்பட்டது என்று முதலில் பாருங்கள். வழக்கமாக ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். இலவசமாகக் கிடைப்பதால் உலகம் முழுக்கப் புழங்குகிற தரவு எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் அளந்தது அது. பிறகு வந்த கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு இன்னும் துல்லியமானது. ஆனாலும் இரண்டிலும் ஒரு கட்டம் என்பது சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். உங்கள் கொட்டகை 10 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் என்று வைத்தாலும் 600 சதுர மீட்டர்தான் வருகிறது. அதைவிடப் பெரிய நிலத்துக்குக் கணினியிடம் இருப்பது ஒரே ஓர் உயரம். அந்த நிலத்துக்குள் மேடு எது, பள்ளம் எது என்று அதற்குத் தெரியாது.

ராடார் தரையை மட்டும் பார்ப்பதுமில்லை. மரத்தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிவிடும். அடர்ந்த தோப்பு நிற்கும் பள்ளம் அதன் கண்ணுக்கு மேடாகத் தெரியும். மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் திருத்திய தரவுகள் இப்போது உண்டு. 2022-இல் வந்த ஃபேப்டெம் அப்படிப்பட்டது. அதிலும்கூடப் பிழை மீட்டர் கணக்கில் வரலாம். தரையில் கூளம் பரப்பி வளர்க்கிற கோழிக்கோ ஒரு சாண் தண்ணீரே ஆபத்து.

வெள்ளை நிறம் சொல்வது இதைத்தான்: கணக்கில் எடுத்த வெள்ளம் இந்த இடத்தை எட்டவில்லை. எந்த வெள்ளத்தை எடுத்தார்கள் என்று கேளுங்கள். பல நாடுகளில் நூறாண்டு வெள்ளம்தான் அளவுகோல். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஒவ்வொரு வருஷமும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். போன வருஷம் வந்ததால் இந்த வருஷம் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் கொட்டகை 20 வருஷம் நிற்கும் என்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 18 சதவீதம். பத்தாண்டு வெள்ளத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 88 சதவீதம் வருகிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த இடத்தைச் சுற்றி நீண்டகாலம் இருப்பவர்களிடம் கேட்டு, பழைய வெள்ளம் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை நின்றது என்று கண்டுபிடியுங்கள். கறை இன்னும் தெரிந்தால் நல்லது. அப்புறம் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவரிடம் இருக்கும் டியூப் லெவல் இந்த வேலைக்குத் தாராளம். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கறை உள்ள சுவரிலும் மறுமுனையை உங்கள் இடத்தில் நட்ட குச்சியிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கறை மட்டத்தைக் குச்சியில் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள உயரம்தான் அந்த வெள்ளம் மறுபடி வந்தால் உங்கள் கொட்டகையில் நிற்கப்போகும் தண்ணீர். கறை அருகில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆறு ஓடும் திசையில் வெள்ளத்தின் மேல்மட்டமும் சரிந்துகொண்டே போகும். தொலைவில் இருக்கிற சுவர் தவறான கணக்கைத் தரும். விண்வெளியிலிருந்து எடுத்த தரவால் முடியாத துல்லியம் இந்தக் குழாயில் கிடைக்கும். வரைபடம் வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பக்கம் குழாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று காட்டுவது வரைபடம்தான்.

பாதையையும் பாருங்கள். கொட்டகை மேட்டில் இருந்து, தீவன வண்டி வரும் சாலை முங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். 4,000 கோழிகளுக்கு 440 கிலோ. தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 900 லிட்டர். ஐந்து நாள் வண்டி வரவில்லை என்றால் 2.2 டன் தீவனமும் 4,500 லிட்டர் நல்ல தண்ணீரும் கையிருப்பில் இருக்க வேண்டும், அதுவும் அந்தக் குச்சிக் கோட்டுக்கு மேலே. சில நாள் தீவனம் நின்றாலே கோழி இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். 2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் புயல் வெள்ளத்தில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் மட்டும் சுமார் 34 லட்சம் கோழிகளும் வான்கோழிகளும் இறந்தன. அப்படி ஒரு இழப்பு உங்களுக்கு வரக்கூடாது. குச்சி நட்டு அளந்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.

சோயா புண்ணாக்குக்குப் பதிலாக அசோலா போட்டால் தீவனச் செலவு பாதியாகும் என்கிறார்கள். உண்மையா?
– வீட்டில் கோழி வளர்க்கும் வாசகி

பாதியாகாது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி. தொட்டியிலிருந்து அள்ளிய ஒரு கிலோ பச்சை அசோலாவில் 940 கிராம் வரை தண்ணீர்தான். மிச்சம் 60 கிராம் உலர்பொருள். அதில் புரதம் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அதாவது 13 கிராம் சொச்சம். முட்டையிடும் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 17, 18 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிலோ அசோலாவைத் தின்றாலும் ஒரு கோழிக்குப் போதாது, அவ்வளவு அதன் வயிற்றில் கொள்ளவும் கொள்ளாது.

அதற்காக அசோலாவை விட்டுவிட வேண்டாம். காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தன் இலைக்குள் வாழும் நுண்ணுயிரியின் துணையோடு பிடித்து வைக்கிற அருமையான செடி அது. மேய்ந்து திரியும் சில கோழிகளுக்குத் தினமும் ஒரு கைப்பிடி கொடுங்கள். மஞ்சள்கரு நிறம் நன்றாக வரும். ஆனால் வழக்கமான தீவனத்தை அதை நம்பிக் குறைத்துவிடாதீர்கள்.

மேடம், முதுகலை ஆய்வுக்காக ஒரு ஆற்று வடிநிலத்துக்கு வெள்ள வாய்ப்பு வரைபடம் போட்டேன். ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் ஏ.யூ.சி. 0.96 வந்தது. ஆனால் மதிப்பீட்டாளர் "இதை நம்ப முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தவறு?
– ஆய்வு மாணவி

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த செய்முறைப் பகுதியைப் படித்தேன். மதிப்பீட்டாளர் சொன்னது சரி. ஆனால் மனம் தளர வேண்டாம், எல்லாமே திருத்தக்கூடியவை. மற்ற வாசகர்களுக்காக: ரேண்டம் ஃபாரஸ்ட் என்பது முங்கிய, முங்காத இடங்களின் பதிவைப் பார்த்துப் பழகி, மற்ற இடங்களைக் கணிக்கும் கணினி முறை. ஏ.யூ.சி. அந்தக் கணிப்புக்குக் கிடைக்கும் மதிப்பெண்; 0.5 வெறும் குருட்டு யூகம், 1 முழுச்சரி.

வெள்ளப் புள்ளிகளில் 70 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 30 சதவீதத்தைச் சோதனைக்கும் குலுக்கல் முறையில் பிரித்திருக்கிறீர்கள். நிலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே வயலில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று பயிற்சிக்குப் போய், மற்றது சோதனைக்கு வந்தால், விடை தெரிந்த கேள்வியையே தேர்வில் கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது. 0.96 வந்ததில் வியப்பில்லை. வடிநிலத்தைப் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு துண்டை முழுசாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றில் பயிற்சி கொடுத்து, ஒதுக்கிய துண்டில் சோதியுங்கள். எல்லாத் துண்டுக்கும் இப்படிச் செய்யுங்கள். எண் கீழே இறங்கும். இறங்கி வருகிற எண்தான் உங்கள் கணினி மாதிரியின் உண்மையான திறமை. இன்னொரு வருஷத்து வெள்ளத்தின் பதிவு கிடைத்தால் அதிலும் சோதித்துவிடுங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது உங்கள் 'வெள்ளம் வராத' புள்ளிகள். பெரும்பாலும் குன்றுகளின் மேலே எடுத்திருக்கிறீர்கள். ஆற்றோரத்தையும் குன்றுச்சியையும் பிரித்துக் காட்ட எந்த மாதிரியும் வேண்டாம். அதைச் சரியாகச் சொன்னதற்குத்தான் உங்கள் மாதிரிக்கு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. கடினமான கேள்வி சமவெளிக்குள் இருக்கிறது. ஆற்றிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே சரிவில் இருக்கும் இரண்டு வயல்களில் ஏன் ஒன்று முங்கியது, இன்னொன்று முங்கவில்லை? வராத புள்ளிகளைச் சமவெளியிலிருந்தே எடுத்துப் பாருங்கள்.

வெள்ளப் புள்ளிகளைச் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் படத்திலிருந்து எடுத்தது நல்ல தேர்வு. மேகம் மூடியிருந்தாலும் அது தரையைப் பார்க்கும். அமைதியான தண்ணீர் ராடார் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கறுப்பெல்லாம் வெள்ளம் ஆகாது. குளமும் ஏரியும் எப்போதுமே கறுப்புத்தான். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்பாகத்தான் விழும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1984 முதலான நீர்ப்பரப்பை ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் உலகம் முழுமைக்கும் வரைபடமாக்கித் தந்திருக்கிறது. நிரந்தர நீர்நிலைகளை அதை வைத்துக் கழியுங்கள். வெள்ளத்துக்கு முந்தைய ராடார் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நடவு வயல்களில் பெரும்பகுதி வெளியே போய்விடும். மறுபக்கம், கறுப்பாக விழாத வெள்ளமும் உண்டு. மரங்களுக்கு அடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் நிற்கும் தண்ணீரில் பட்ட அலை அடிமரத்திலோ சுவரிலோ மோதித் திரும்ப வந்துவிடும். அந்த இடம் வழக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். அதை நீங்கள் உலர்ந்த நிலமாக எண்ணியிருக்கிறீர்கள். செயற்கைக்கோள் கடந்த நேரத்தையும் பாருங்கள். வெள்ளம் உச்சத்தில் இருந்தது முந்தைய நாள் இரவு என்றால், உங்கள் கையில் இருப்பது வடிந்துகொண்டிருக்கும் வெள்ளத்தின் படம்.

கடைசியாக, ஏ.யூ.சி. என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வரைபடத்தைப் பார்த்து யாராவது தானியக் கிடங்கு கட்டலாம், கோழிக்கொட்டகை போடலாம். முங்கிய இடத்தை 'பாதுகாப்பு' என்று எத்தனை இடத்தில் சொன்னோம், அவை எங்கே இருக்கின்றன என்று தனியாக எடுத்து வரையுங்கள். அநேகமாக உயர்த்திப் போட்ட சாலைகளுக்குத் தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில் அவை கூட்டமாக இருக்கும். சாலைக்கு அடியில் போகும் சிறுபாலம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கே தேங்கும். 30 மீட்டர் கட்டத்துக்குச் சிறுபாலம் கண்ணுக்கே தெரியாது. அந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயம் அதுவாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

வெள்ள வரைபடத்துக்காக ஏ.எச்.பி. முறையில் (காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எது முக்கியம் என்று கேட்கும் முறை) நிபுணர்களிடம் கேட்டு மழை, சரிவு, மண் எல்லாவற்றுக்கும் எடை கொடுத்தேன். நிலைத்தன்மை விகிதம் 0.1-க்குள் வந்துவிட்டது. இது போதுமா?
– இன்னொரு மாணவர்

போதாது. நிபுணர்கள் தங்களுக்குள் முரணில்லாமல் பேசினார்கள் என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும். முரணில்லாமல் எல்லோரும் சேர்ந்து தவறாகவும் சொல்லலாமே. வந்துபோன ஒரு வெள்ளத்தோடு வரைபடத்தை ஒப்பிட்டுக் காட்டுங்கள். எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் நிறங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதையும் போடுங்கள்.

அம்மா, அவசரம். கிடங்குக்குள் வெள்ளம் புகுந்து மக்காச்சோள மூட்டைகளில் கீழ் வரிசை முங்கிவிட்டது, மேல் வரிசையில் கூரை ஒழுகியிருக்கிறது. வெயிலில் காயவைத்துக் கோழிக்குப் போடலாமா? தூக்கிப்போட மனசு வரவில்லை.
– பண்ணையாளர்

உங்களுக்குத் தபாலிலும் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகத் தருகிறேன்.

கீழ் வரிசையைப் போடாதீர்கள். வெள்ளநீரில் சாக்கடையும் எண்ணெயும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். காயவைத்தால் தண்ணீர்தான் போகும், மற்றவை தானியத்திலேயே தங்கிவிடும். மேல் வரிசையில் நனையாத மூட்டைகளை உடனே பிரித்து எடுத்து, உயரமான, காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கூரை ஒழுகி நனைந்ததைத் தனியாக மெல்லிசாகப் பரப்புங்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும்; ஈரப்பதமானியில் அளந்தே முடிவு செய்யுங்கள், பல்லில் கடித்துப் பார்ப்பதெல்லாம் இங்கே போதாது. நனைந்து ஓரிரு நாள் ஆகி, மூட்டைக்குள் கையை விட்டால் சூடாக இருக்கிறது, கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறது, மக்கிய வாடை வருகிறது என்றால் அதுவும் கீழ் வரிசையோடு போக வேண்டியதுதான்.

மனசு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்தால் முடிவு எடுக்க எளிதாக இருக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். இன்று அஃப்லாடாக்சின் என்று நாம் அறிந்திருப்பது அதைத்தான். மக்காச்சோளத்திலும் அந்தப் பூசணம் நன்றாக வளரும். அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும். வெயிலோ கொதிநீரோ அந்த நஞ்சை முழுதாக அழிக்காது. பூசணத்தைத் தட்டிக் கழுவிவிட்டாலும் நஞ்சு தானியத்துக்குள்ளேயே இருக்கும். ஐரோப்பாவில் வளர்ந்த கோழிகளின் கலப்புத் தீவனத்துக்கு அனுமதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான். ஆயிரம் டன் தீவனத்தில் 20 கிராம். இவ்வளவு சின்ன அளவைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ஆனால் ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பாதீர்கள். நஞ்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது. ஒரு மூலையில் சில மணிகளில் மிக அதிகமாக இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். பல மூட்டைகளில், மேல் நடு அடி என்று பல இடங்களில் எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். டாக்சின் பைண்டர் (நஞ்சைப் பிடித்து வைக்கும் தீவனச் சேர்க்கை) போட்டுச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், லேசான மாசுக்குத்தான் அது உதவும் என்று சொல்லுங்கள். முங்கிய மூட்டைக்கு அது மருந்தல்ல.

ஒன்று மட்டும் கட்டாயம். கோழிக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். மாடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வந்துவிடும். அந்தப் பாலைக் குடிப்பது குழந்தைகள்.

பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை வளர்த்து, உலர்த்தி அரைத்து, சோயாவுக்குப் பதிலாகக் கறிக்கோழிகளுக்குப் போட்டோம். ஆய்வகத்தில் 44 சதவீதப் புரதம் என்று சான்று வந்தது, சோயா புண்ணாக்கு அளவுதான். ஆனாலும் கோழிகள் எடை குறைந்தன. ஏன்?
– இளைஞர் உற்பத்தியாளர் குழு

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், எடையை ஒழுங்காகக் குறித்து வைத்ததற்காகவும் பாராட்டுகிறேன். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. தானியத்துக்கும் புண்ணாக்குக்கும் பழகிப்போன எண் அது. புழுவின் தோலில் கைட்டின் என்று ஒரு பொருள் உண்டு. அதிலும் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அது புரதம் இல்லை. அதனால் முழுப் புழுவுக்கு 4.76 என்ற எண்ணே பொருத்தம் என்று 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. உங்கள் 44-ஐ 6.25-ஆல் வகுத்து 4.76-ஆல் பெருக்குங்கள். 33.5 வருகிறது. சோயாவின் இடத்தை எடைக்கு எடை நிரப்பியபோது நால்வரில் ஒருவர் வேலைக்கு வரவில்லை.

அடுத்தது, கோழிக்குத் தேவை மொத்தப் புரதம் அல்ல, புரதத்தைக் கட்டும் செங்கற்களான குறிப்பிட்ட அமினோ அமிலங்கள். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்து லைசின். ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தும் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் கச்சாப் புரதத்தை, அதாவது நைட்ரஜனைப் பெருக்கி வந்த எண்ணை, சமன் செய்தீர்கள், மெத்தியோனினைப் பார்க்கவில்லை. புழுவில் கொழுப்பும் அதிகம், உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வரலாம். எரிசக்தி கூடினால் கோழி குறைவாகத் தின்னும், அப்போது எல்லாச் சத்தும் சேர்ந்து குறையும். கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிட்டுப் போடுவது நல்லது. இந்தப் புழுவில் சுண்ணாம்புச்சத்தும் அதிகம். முட்டைக்கோழிக்கு அது வரம். கறிக்கோழிக்குச் சுண்ணாம்பு, பாஸ்பரஸ் கணக்கைத் திருத்தியாக வேண்டும். முழுச் சோயாவையும் எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, மெத்தியோனின் சேர்த்து மறுபடி முயலுங்கள்.

புழு எதைத் தின்று வளர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு முக்கியம். கோழியே தின்னக்கூடிய தானியத்தைப் புழுவுக்குப் போட்டு, புழுவைக் கோழிக்குப் போட்டால் நடுவில் ஒரு கை கூடியதுதான் மிச்சம். சூழலுக்கு எந்த லாபமும் இல்லை. காய்கறிக் கழிவிலும் பழச்சக்கையிலும் வளர்த்தால் அர்த்தமிருக்கிறது. உலர்த்த எவ்வளவு மின்சாரம் போனது என்பதையும் எழுதி வையுங்கள். கழிவு எங்கிருந்து வருகிறது என்று கவனமாக இருங்கள், ஏனென்றால் காட்மியம் போன்ற உலோகங்களை இந்தப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வெள்ளத்தில் முங்கிய கழிவு வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல்தான் பூச்சிப் புரதத்தைக் கோழிக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. அங்கேயும் சமையலறைக் கழிவிலோ சாணத்திலோ அந்தப் புழுவை வளர்க்க அனுமதியில்லை.

கோழி எருவை ஆற்றோரமாகக் குவித்து வைத்திருக்கிறோம். வெள்ளத்தில் போனால் வயலுக்கு உரம்தானே?
– வாசகர்

அது வயலில் நிற்காது, ஆற்றுக்குப் போகும். தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. கோழியால் அதை அவ்வளவாக ஜீரணிக்க முடியாது, எருவோடு வெளியே வந்துவிடும். நீர்நிலையில் சேர்ந்தால் பாசி பொங்கி, அது மக்கும்போது மீனுக்கு மூச்சுக்காற்று இல்லாமல் போகும். தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் அந்தக் கட்டு உடையும். வெளியிலிருந்து போடும் பாஸ்பரஸைக் குறைக்கலாம், எருவிலும் குறையும். குவியலை இந்த மழைக்கு முன்பே மேட்டுக்கு மாற்றி மூடிவையுங்கள்.

எங்களிடம் இரண்டு கொட்டகைகள். ஒன்றில் பழைய தீவனம், இன்னொன்றில் புதுத் தீவனம் போட்டு ஒரு மாதம் பார்த்தால் எது நல்லது என்று தெரிந்துவிடும் இல்லையா அம்மா?
– முட்டைக்கோழிப் பண்ணையாளர் சங்கத்தினர்

தெரியாது. ஒரு கொட்டகையில் காற்று நன்றாக வரும், இன்னொன்றில் மதியச் சூடு அடிக்கும். வித்தியாசம் தீவனத்தால் வந்ததா, கொட்டகையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொன்றிலும் 2,000 கோழி இருக்கிறதே என்பீர்கள். ஒரே தொட்டியில் தின்று, ஒரே காற்றைச் சுவாசிக்கிற 2,000 கோழிகளும் இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு அளவுதான்.

இரண்டு கொட்டகைகளிலும் வலைபோட்டுச் சின்னத் தடுப்புகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது ஆறு தடுப்பாவது வரட்டும், அவை இரண்டு கொட்டகைகளிலும் பரவியிருக்கட்டும். எந்தத் தடுப்புக்கு எந்தத் தீவனம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நல்ல மூலை எது என்று உங்களுக்கே தெரியும் என்பதால் கை தானாக அங்கே போகும். சீட்டு அதைத் தடுக்கும். புதுத் தீவனத்தை ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் கலந்து பழக்கிவிட்டு, அதற்குப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். முட்டைக்கோழிக்கு ஒரு மாதம் பற்றாது. தீவனச் சேர்க்கைகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 56 நாள் கேட்கிறது.

தடுப்பு வாரியாகத் தினமும் போட்ட தீவனம், மிஞ்சிய தீவனம், முட்டை எண்ணிக்கை, முட்டை எடை, இறப்பு, இவற்றை எழுதுங்கள். மிஞ்சியதை எடைபோடத்தான் பலர் மறக்கிறார்கள், எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு முட்டை என்ற தீவன மாற்றுத்திறன் கணக்கே அதில்தான் இருக்கிறது. முடிந்ததும் நோட்டுப் பக்கங்களை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், கூட்டிக் கழித்துச் சுருக்க வேண்டாம். தடுப்புகளின் எண்ணும் எந்தக் கொட்டகை என்பதும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். அடுத்த இதழுக்குள் வந்தால் என் தீவன ஆய்வு நண்பரோடு உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.